கூப்பிட்டால் போகிறவர்

பாஸ்டர் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டார்.

வாசலில் அவர் மனைவி எப்சிபா பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் ஊரில் இல்லை, வர நாளாகும் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. நன்றாகவே சொன்னாள்.

சொல்லச் சொன்னவர் அவர்தான்.

போன மாதமும் இப்படித்தான் ஒருவன் வந்தான். எப்சிபா அன்று சந்தைக்குப் போயிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள் ஐயா என்றான். ஜெபிக்கக் கூப்பிட்டால் ஊழியக்காரர் போயே ஆகவேண்டும். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறவர் அவர். அது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார்கள்.

போன இடத்தில் பிள்ளையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சவுக்குத் தோப்பு இருந்தது. நாலு பேர் இருந்தார்கள்.

விலா எலும்பு இன்னும் கூடவில்லை. தும்மினால் உயிர் போகிறது.

பயப்படாதே என்று எத்தனை ஞாயிறு பிரசங்கித்திருப்பார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. பூனைக்கு இருக்கிற புத்தி பாஸ்டருக்கு இருக்கக் கூடாதா?

வந்தவன் போகவில்லை. அதுவரை ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் குரலை உயர்த்தினான்.

“ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்கம்மா. அவர் இல்லன்னா நீங்களாச்சும் வந்து புள்ளைக்கு ஜெபம் பண்ணுங்க.”

அந்தக் குரல்.

போன மாதம் கூப்பிட வந்தது இதே குரல்தான். தோப்பில் பின்னாலிருந்து அவர் கையை முறுக்கிப் பிடித்ததும் இவன்தான்.

எப்சிபாவுக்கு அவனைத் தெரியாது. எண்ணெய் எடுத்துக்கொண்டு வருகிறேன், இருங்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். நோயாளியின் நெற்றியில் பூசும் எண்ணெய்க் குப்பியை எடுத்தாள்.

அவள் கையைப் பிடித்தார். அவன்தான் என்றார். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

அவள் முகம் வெளுத்துப்போனது.

“பிள்ளை நிஜமாவே இருந்தா?” என்றாள்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். கிளம்பிவிடுவாள். அவளை அவருக்குத் தெரியும்.

குப்பியை அவள் கையிலிருந்து வாங்கினார். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆண்டவரே, அடிக்காமல் விடவேண்டும். அதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அதையே சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

வந்தவன் அவரைப் பார்த்தான். ஊரில் இல்லாதவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்கவில்லை. திரும்பிப் போய் பைக்கை உதைத்தான்.

அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

மண் ரோட்டில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. விலாவில் குத்தியது. பிடித்துக்கொள்ள வேறு இடமில்லை. அவன் தோளைப் பிடித்தார். தோள் குலுங்கியது.

தார் ரோடு வந்தது. வண்டி சீராக ஓடியது.

தோள் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பயம் கூடியது. இது வேறு பயம்.

“வேகமாப் போப்பா” என்றார்.