சொந்த இடம்

ஆசிரியர் நியமனத்துக்கு வந்திருந்த நிமலினியின் படிவத்தை அதிகாரி நிதானமாக வாசித்தார்.

"சொந்த இடம் யாழ்ப்பாணம் ரவுண்தானோ?"

"ஓம் சேர். பிறந்து வளர்ந்ததெல்லாம் இஞ்சைதான்." கேட்காமலே நகரத்து விலாசத்தையும் ஒப்புவித்தாள்.

"நல்லது. தீவிலை பிறந்த பிள்ளையள் கஷ்டப்பட்டுப் படிச்சு வந்ததுகள். இந்த முறை அவையளை ரவுண் பள்ளிக்கூடங்களுக்குப் போடுறம். ரவுண் ஆக்கள் அஞ்சு வருசம் தீவிலை படிப்பிக்க வேணும்."

நிமலினி படிவத்தின் பக்கம் கை நீட்டினாள். "சேர், படிவத்திலை ஒண்டை மாத்தி எழுத ஏலாதோ?"

"ஏலாது பிள்ளை. நீர் கையெழுத்து வைச்சிட்டீர். இனி ஏதும் பொய்யெண்டு தெரிஞ்சால் வேலையே போயிடும்." நியமனக் கடிதத்தை நீட்டினார். "நெடுந்தீவு. முந்திப் போயிருக்கிறீரோ?"

ஊர்க்காரியை ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவள் சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள். இனி இந்தக் கடல் தாண்டித் திரும்பி வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்று காலைதான் நெடுந்தீவில் படகேறியிருந்தாள்.

"இல்லை சேர்," என்றாள்.

"பயப்பிடாதையும். நல்ல சனம்," என்றார் அதிகாரி.