வலது கை

“எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லே. எம்.ஆர்.ஐ.லயும் ஒண்ணும் இல்லே. அப்பறம் ஏன் இவளால கையைத் தூக்க முடியலே?”

ஷ்யாமளா ஃபைலை மேஜைமேல் போட்ட வேகத்தில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. தெரபிஸ்ட் சுலைகா பேனாக்களைப் பொறுக்கி வைத்தாள். ஃபைலைத் திறக்காமல், ஷ்யாமளாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

ஸ்ரீலேகாவுக்கு இருபத்து நாலு வயது. போன மழைக்காலத்திலிருந்து அவளுடைய வலது கை இடுப்புக்கு மேல் எழுவதில்லை. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் போதும், தோளிலிருந்து விரல் நுனி வரை நடுக்கம் எடுத்துவிடும்.

எப்போதிலிருந்து இப்படி என்று சுலைகா மகளிடம் கேட்டாள். நடுக்கம் முதலில் எங்கே தொடங்குகிறது, தூக்கம் வருகிறதா என்றும் கேட்டாள். மூன்று கேள்விக்கும் அம்மாதான் பதில் சொன்னாள்.

ஷ்யாமளாவுக்கு இந்த ஊர்மேலேயே கோபம். எலும்பு டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். பிசியோதெரபிஸ்ட் எல்லாம் மனசுதான் என்று கையை விரித்தார். மனநல டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார், இவள் பகலிலும் தூங்கி வழிந்தாள்.

கடைசியில் வழி சொன்னது, மாட்டுங்காவில் அவர்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கும் பத்மஜா. ராணுவத்தில் இருந்த அவள் மருமகனை ஈ.எம்.டி.ஆர். என்கிற சிகிச்சைதான் மனுஷனாக்கியதாம். உடம்பில் தங்கிவிட்ட பயத்தை உடம்பு வழியாகவே இறக்குவார்களாம். பழசையெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டதாம்.

அன்றைக்குப் போனைக் கையில் எடுத்தவள்தான் ஷ்யாமளா. பாந்த்ராவில் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். பவாய்க்காரர் ஸ்கிரீனில் மட்டும்தான் பார்ப்பாராம். நடுங்குகிற உடம்பை ஸ்கிரீனில் பார்த்து என்னத்தைக் கிழிப்பீர்கள் என்று ஷ்யாமளா அவரிடமே கேட்டுவிட்டாள். தாணேயில் ஒருத்தி இரண்டு நாள் பயிற்சியை முடித்துவிட்டுப் பலகை மாட்டியிருந்தாள். இரண்டு கேள்வி கேட்டதும் அவளே போனை வைத்துவிட்டாள்.

பதினேழு பேர். எல்லோரிடமும் ஷ்யாமளா தவறாமல் கேட்டது ஒன்றுதான்: இருபதாம் தேதிக்குள் முடியுமா? மகளுக்கு நிச்சயதார்த்தமா என்று பாந்த்ரா ரிசப்ஷனிஸ்ட் விசாரித்தாள். ஷ்யாமளா பேச்சை மாற்றிவிட்டாள்.

பதினெட்டாவதாகக் கிடைத்தவள்தான் செம்பூரில் இந்த சுலைகா. இங்கே வருவதற்குள்ளும் காலையில் ஒரு சண்டை. அதையும் ஷ்யாமளா சுலைகாவிடம் கொட்டினாள்.

“என் தம்பி மாதவ் ஆபீசுக்கு லீவ் போட்டுட்டு, காரைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தறான். சொந்த மாமா. இவ என்னடான்னா பஸ்ல நின்னுண்டு வரா, ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சுண்டு. பாவம், அவன் கீழே வெயில்ல காத்துண்டிருக்கான்.”

ஸ்ரீலேகா இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுலைகா அவளுக்குச் சிகிச்சையை விளக்கினாள். நடந்ததை நினைத்துக்கொண்டே சுலைகாவின் விரல் போகிற பக்கமெல்லாம் கண்ணால் தொடர வேண்டும். சில சமயம் இரண்டு முழங்காலிலும் மாறி மாறித் தட்டிக்கொள்ள வேண்டும். அப்போது உடம்பில் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கவனிக்க வேண்டும். வேண்டாம் என்று கை காட்டினால் அந்த நொடியே நிறுத்திவிடலாம்.

ஷ்யாமளாவுக்குப் பொறுமை இல்லை. “அதெல்லாம் சரி. எத்தனை சிட்டிங்ல இவளுக்கு மறக்கும்?”

“மறக்காதும்மா. நடந்தது அத்தனையும் ஞாபகம் இருக்கும். அதை நினைச்சா உடம்பு பதறாது, அவ்வளவுதான். யாரு முன்னாடியும் நின்னு நிதானமாச் சொல்ல முடியும்.”

ஷ்யாமளாவின் முகம் வெளுத்துவிட்டது. மறக்காதா என்று இரண்டு தரம் கேட்டாள். சுலைகா மறக்காது என்று இரண்டு தரமும் சொன்னாள்.

“அப்போ எங்களுக்கு இந்த வைத்தியமே வேண்டாம். எழுந்திருடி.”

ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு மகளின் தோளைப் பற்றி இழுத்தாள். பதினேழு பேரிடம் மல்லுக்கு நின்றவளா இவள் என்று இருந்தது. ஸ்ரீலேகா அந்தப் பிடியை உதறினாள்.

“நீ போம்மா. நான் பஸ்ல வந்துக்கறேன்.”

இத்தனை நாள் உனக்காகத்தானே நாயாக அலைந்தேன் என்று ஷ்யாமளா கத்தினாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள் ஷ்யாமளா.

அந்தச் சத்தத்தில் ஸ்ரீலேகாவின் வலது கை மடியில் கிடந்து உதறியது. அது அடங்கும் வரை சுலைகா காத்திருந்தாள். பிறகு, எத்தனை நாளில் சரியாகும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இன்றைக்கே தொடங்கலாம் என்றாள். அப்படி என்ன இருக்கிறது அந்த இருபதாம் தேதியில் என்று மெதுவாகக் கேட்டாள்.

ஸ்ரீலேகா தன் கையையே ஆத்திரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அன்னிக்குக் கோர்ட்ல, இந்தக் கையாலதான் மாதவ் மாமாவைக் காட்டணும் மேடம்.”