பன்னிரண்டில் நின்ற முள்

"இன்னாம்மா இது? ஓடாத வாட்ச்சைக் கட்டி வுட்டுக்கீறீங்க?"

மாப்பிள்ளையின் அத்தை சந்திரிகாவின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. சேலையூர் கேம்ப் ரோடு மண்டபத்தில் நாதஸ்வரமே ஒரு நொடி மூச்சு வாங்கியது.

பெண்ணின் அப்பா தயாளன் அப்போதுதான் அந்த வாட்ச்சை மாப்பிள்ளை ஹரிபிரசாத்துக்குக் கட்டிவிட்டு நிமிர்ந்திருந்தார். அத்தை ஹரியின் இடது கையைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். பெரிய செகண்டு முள் பன்னிரண்டில் விறைப்பாக நின்றது.

நிச்சயதார்த்த மேடையில் நின்றுபோன கடிகாரம். வேறென்ன வேண்டும்? இரும்புலியூரிலிருந்து ரெண்டு வேன் நிறைய வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், சகுனம் சரியில்லை என்ற முணுமுணுப்பு நாற்காலி நாற்காலியாகப் பரவியது.

தயாளன் மகள் சத்யபிரியாவை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்கிற பார்வை. தாம்பரத்தில் ஷோரூமில் நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். சத்யா கேட்டால்தானே.

அறுபது வருஷத்துக்கு முந்தைய ரேஸ் வாட்ச் ஒன்றைப் பார்த்துச் செய்த நகலை ஆன்லைனில் வாங்கினாள். மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். முள்ளை மாற்றினாள். கண்ணாடியை மாற்றினாள். பக்கவாட்டில் இருந்த தட்டைப் பட்டன்கள் ரெண்டையும் கழற்றிவிட்டுக் குடை மாதிரித் தலை வைத்த பட்டன்கள் போட்டாள். ஒரு நாள் பொடி ஸ்க்ரூ ஒன்று காணாமல் போய், அம்மா சாம்பாரை வடிகட்டி ஊற்றினாள். கடைசி பட்டனை இன்று காலை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பியூட்டிஷியன் வந்து, நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டயலில் போட்டிருந்த பெரிய கம்பெனியின் பெயரை மட்டும் முதல் நாளே சுரண்டி எடுத்துவிட்டாள். நகலின்மேல் ஒரிஜினலின் பெயர் இருந்தால் அது பொய். பொய் அவளுக்கு ஆகாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஹரியிடம் போட்ட ஒரே கண்டிஷனும் அதுதான்.

சத்யா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"அது நின்னுபோகலை அத்தை. அது ஸ்டாப்வாட்ச் முள். பட்டனை அழுத்தினாத்தான் ஓடும். எப்பவும் ஓடற முள் கீழே அந்தச் சின்ன வட்டத்துல இருக்கு, பாருங்க."

சந்திரிகா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். சின்ன முள் ஓடத்தான் செய்தது. இருந்தாலும் பெரிய முள் பெரிய முள்தானே.

"அப்ப அமுக்கிக் காட்டு ஹரி. ஓடுதான்னு பாக்கலாம்."

மண்டபமே கழுத்தை நீட்டியது. ஹரி பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தான். வைத்தவன் அப்படியே வாட்ச்சைக் கையால் பொத்திக்கொண்டான்.

"இப்ப வேணாம் அத்தை," என்றான். "தாலி கட்டும்போது அழுத்தறேன். அந்த நேரத்துலேருந்துதான் இந்த முள் ஓடணும்."

 பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. கைதட்டலில் நாதஸ்வரக்காரர் தானாகவே மறுபடி ஆரம்பித்துவிட்டார். சந்திரிகா அத்தை தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முப்பது வருஷக் குறை இருந்தது.

சத்யாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அழுத்தினால் ரெண்டு செகண்டு வேலை. அதற்கு எதற்கு இவ்வளவு டயலாக்?

அதற்கப்புறம் நடந்தது அதைவிட மோசம். ஹரியின் இடது கை கோட் பாக்கெட்டுக்குள் போனது போனதுதான். போட்டோகிராபர் கெஞ்சிப் பார்த்தார். கை வெளியே வரவில்லை. சிறுசேரி ஆபீஸ் நண்பர்கள் வாட்ச்சைக் காட்டச் சொல்லி மொய்த்தார்கள். அப்புறம் மச்சான், அப்புறம் மச்சான் என்று ஒவ்வொருவனையும் தள்ளிவிட்டான்.

சத்யா கணக்குப் போட்டாள். பெயரில்லாத வாட்ச். நாலு பேர் முன்னால் காட்ட வெட்கம். ஆக, தாலி கட்டும் நேரம் என்றதெல்லாம் நல்லாப் பேசித் தப்பித்தது.

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. அப்போதும் இடது கை பாக்கெட்டில்தான். சத்யா குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கழட்டிக் கொடுங்க."

"எதை?"

"வாட்ச்சை. டூப்ளிகேட்னு வெட்கமா இருந்தா நேரா சொல்லியிருக்கலாம். பொய் எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

ஹரி அப்பளத்தை உடைத்தான். "எது பொய்? தாலி கட்டும்போது அழுத்தத்தான் போறேன். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கு. அது போதுமா உனக்கு?"

"எனக்கு எதுக்கு நாற்பது நாள்?"

எதிர்வரிசையில் சந்திரிகா அத்தை, தாலி கட்டும்போது ஓடப்போகிற முள்ளைப் பற்றி மூன்றாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹரி இடது கையை முதல் தடவையாக வெளியே எடுத்தான். அதில் ஒரு கர்ச்சீப். சத்யாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மேஜைக்குக் கீழே மெல்லப் பிரித்தான்.

நடுவில் மிளகு அளவுக்கு, குடை மாதிரித் தலையோடு, பளபளவென்று ஒரு பட்டன்.

"மேடையிலேயே அழுத்தினேன் சத்யா. கையோட வந்துடுச்சு."