நரிக்கு எதுவும் தெரியாது

கலாதேவி துணி காயப்போட வெளியே போன சத்தம் கேட்டதும், தேவன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். விரதம் எடுத்த நாளிலிருந்து பாய் தனி, தலையணை தனி. மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவான்?

குரோமை அவன் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பிரவுசரின் நரிப் படத்தை அமுக்கினான். செக்கச் செவேலென்று ஒரு தொடை, எண்ணெய் மினுமினுக்க, திரை நிறைய வந்து விழுந்தது.

"யம்மா... என்னா தொடை!" என்று முனகினான்.

தப்பாக நினைக்க வேண்டாம். ஆட்டுத் தொடைதான். தெலுக் இந்தானில் யாரோ ஒரு புண்ணியவான் கறிவேப்பிலை போட்டு வறுத்துப் படம் பிடித்துப் போட்டிருந்தான்.

போன வருஷம் ஈப்போ பேக்டரியில் மூட்டை தூக்கப் போய் தேவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார் என்று, அவனை ஒரு வார்த்தை கேட்காமலே முருகனிடம் சொல்லிவிட்டாள் கலாதேவி. முருகன் தன் வேலையை முடித்துவிட்டார். இப்போது தேவன் முறை.

விரதம் கெட்டால் காவடி கிடையாது. காவடி இல்லையென்றால் முதுகு மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று அவன் நிஜமாகவே பயந்தான். அதனால் ஒரு துண்டு கறியைக்கூட வாயில் வைக்கவில்லை. கண்ணை மட்டும் விரதத்தில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இந்தக் கூத்தெல்லாம் குரோமில்தான் நடந்தது. லேப்டாப்பிலும் கலாதேவியின் போனிலும் குரோம் அவளுடைய கணக்கில்தான் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பஜனைக்கு நடுவே அவள் போனில் ஆட்டுத்தலை சூப் விளம்பரம் வந்து நின்றது.

"ஏங்க, எனக்கு ஏன் இந்தக் கருமமெல்லாம் வருது?"

"போன் பழசாச்சு லா," என்று சமாளித்துவிட்டு, நேரே அவள் தம்பி சுரேனின் போன் கடைக்கு ஓடினான்.

விஷயத்தைக் கேட்ட சுரேன் சிரிக்கவில்லை. டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான். "குரோம் நல்ல வேகம்தான் மச்சான். ஆனா நீங்க எதப் பாத்தாலும் அக்கா போனுக்குப் போயிடும். நீங்களும் நரிக்கு மாறிக்குங்க. ஒங்க லேப்டாப்ல ஏற்கெனவே இருக்கு. அது வாயே தொறக்காது."

அன்றைக்கே தேவன் நரிக் கட்சியில் சேர்ந்துவிட்டான். பேக்டரி கேண்டீனில் யாராவது குரோம்தான் ஒசத்தி என்றால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கங்காணிகிட்ட கோள் சொல்ற பய மாதிரி லா அது! எங்க நரி அப்படியில்ல."

நரியிடம் அவனுக்கு ஒரே ஒரு குறைதான். ஆட்டைத் தேட, மலாயில் 'கம்பிங்' என்று எழுதலாமென முதல் எழுத்தான 'K'-யைத் தட்டினால், அது முந்திக்கொண்டு 'கெத்தாம்' என்று நண்டை எடுத்து நீட்டும். நண்டு தின்றால் தேவனுக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். நரிக்குத்தானே நண்டு பிடிக்கும், போகட்டும் என்று விட்டுவிட்டான்.

வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"ஏங்க, துணி! துணி!"

தேவன் பட்டென்று லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினான். கொடியிலிருந்து துணிகளை அள்ளி வந்து, ஹாலில் கயிறு கட்டித் திரும்பக் காயப்போட்டான். அதற்குள் கலாதேவி தலையைத் துவட்டிக்கொண்டு, ஹெட்போனை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போனாள்.

தினமும் இந்த நேரத்துக்கு அவள் லேப்டாப்பில் சாமிப் பாட்டு கேட்பாள். கேட்டு முடித்து வரும்போது கண் கலங்கியிருக்கும், தொண்டையில் எதையோ விழுங்கிக்கொண்டே வருவாள். என்னா பக்தி என்று தேவன் அசந்து போவான்.

கடைசி சட்டையை உதறும்போதுதான் அவனுக்கு உறைத்தது. லேப்டாப்பை மூடினானே தவிர, ஆட்டுத் தொடையை மூடவில்லை.

"ஏங்க! இங்க வாங்க!"

போனான். முதுகில் பழைய வலி எட்டிப் பார்ப்பது போலிருந்தது. கலாதேவி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு பாத்தது?"

சுரேன் தலையில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதிரிலேயே முருகன் படம், பக்கத்தில் விளக்கு. விரதத்தில் பொய் வேறு சொன்னால் முதுகோடு போகாது.

"நான்தான் கலா. கண்ணால பாத்ததோட சரி, நாக்குல படல. எனக்காக நீயும் வாயக் கட்டிக்கிட்டு கெடக்குற. நான் பாரு, இப்படி..." அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"நரியிலயா பாத்தீங்க?"

"ஆமா."

"டெய்லியா?"

"டெய்லிதான்." தேவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "காவடி போச்சா, கலா?"

கலாதேவி முருகன் படத்தை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காவடி எங்கயும் போகல. ஆட்டுக்கு நீங்க வேற பிரவுசர் ஒன்னு போட்டுக்குங்க லா, நரியில என் நண்டெல்லாம் லிஸ்ட்ல கீழ போயிடுச்சு!"