லிஃப்டுக்குள் ஒரு டிக் டிக்

முதலில் வம்புக்கு வந்தது நாலாம் மாடிக்காரிதான். இந்த விஷயத்தில் மட்டும் லிஃப்ட்காரர் யார் சொன்னாலும் மாறமாட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கட்டிடத்தின் ஆறு மாடி ஜனமும் அதற்குத் தாளம் போட்டபடிதான் ஏறி இறங்கினார்கள். ஒரு நாள் இவள் மேனேஜரிடம் போய் ஏதோ சொன்னாள். மறுநாள் ரேடியோவைக் காணோம்.

"எதுக்கு சார்?"

"அந்தப் பொண்ணுக்கு ஒத்துக்கலையாம். விடுய்யா."

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நாளில் அவளுக்கு வயிறு தெரிந்தது. கட்டிடமே "எத்தனை மாசம்மா?" என்று விசாரித்தது. இவர் விசாரிக்கவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ரேடியோ போன பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

டிக், டிக், டிக்.

மெக்கானிக் வந்து கதவு, கயிறு, மோட்டார் எல்லாம் பார்த்தான். "லிஃப்ட் கல்லு மாதிரி இருக்கு பெரியவரே. உங்க காதைத்தான் யார்கிட்டயாவது காட்டணும்."

ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் ஏறும்போது மட்டும்தான் சத்தம். கைப்பையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, மேலே போக எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கிறாள்! ரேடியோவை முழுங்கியது போதாதென்று, இப்போது வேலைக்கே உலை வைக்கிறாள்.

ஒரு நாள் காலையில் அவள் தனியாக ஏறினாள். கதவைச் சாத்திவிட்டு, பட்டனை அமுக்காமல் நின்றார்.

"அந்தக் கடிகாரத்தை வெளிய எடும்மா."

"எந்தக் கடிகாரம்?"

"என்னை அளக்கிற கடிகாரம். கிழவனுக்குக் கேட்காதுன்னு நினைச்சியா?"

அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள்.

"அது கடிகாரம் இல்லை ஐயா. என் இதயம்."

"யார் காதுல பூ சுத்தற?"

"பதினாறு வயசுல வால்வு மாத்தினாங்க. உலோகத்துல செஞ்சது. மூடித் திறக்கறப்ப சத்தம் வரும். என் வீட்டுக்காரருக்கு இதைக் கேட்டாத்தான் தூக்கமே வரும்."

லிஃப்ட்காரருக்குக் கை பட்டனுக்குப் போகவில்லை. ஓர் உயிர் ஓடுகிற சத்தத்தையா இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தோம்?

"குழந்தை தங்கினதும், அதுக்கு ஆகாதுன்னு மாத்திரையை நிறுத்திட்டாங்க. ரத்தம் உறையாம இருக்க தினம் ரெண்டு ஊசி. வயித்துல நானே போட்டுக்கறேன். அப்படியும் வால்வு அடைச்சுக்கலாமாம். அடைக்க ஆரம்பிச்சா சத்தம் மங்குமாம். அடிக்கடி கேட்டுக்கோன்னு டாக்டர் சொன்னார். ராத்திரி வீட்டுல கேட்டுக்குவேன். பகல்ல ஆபீஸ்ல முப்பது பேர் ஒரே நேரத்துல போன்ல பேசறாங்க. எனக்கு வாய்ச்சது இந்த லிஃப்ட் ஒண்ணுதான். அதான் ரேடியோவை..."

"இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா பாவம்னு பார்ப்பாங்க. இந்த உடம்போட எதுக்குப் பிள்ளைன்னு கேட்பாங்க. வேலையை விடச் சொல்வாங்க."

அவர் பட்டனை அமுக்கினார். மனம் இளகிவிட்டதாக நினைக்க வேண்டாம். காரணம் சொன்னாளே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லையே!

ஆனால் மறுநாளிலிருந்து லிஃப்டில் யார் வாயைத் திறந்தாலும் "உஷ்!" என்றார்.

"ரேடியோ போன கடுப்பு. பெரிசு நம்ம வாயைக் கட்டுது" என்று ஆறு மாடியும் கரித்துக் கொட்டியது. புகார்ப் புத்தகம் நிரம்பியது.

எட்டாம் மாதம், ஒரு திங்கட்கிழமை. அவளோடு இன்னும் நாலு பேர் ஏறினார்கள். இரண்டாம் மாடி தாண்டும்போது லிஃப்ட்காரர் தலையைச் சாய்த்தார். சட்டென்று லிஃப்டைக் கீழே திருப்பினார்.

"யோவ், என்னய்யா பண்ற? எனக்கு மீட்டிங்!"

"மாடிப்படி இருக்கு. ஏறிப் போ."

கீழே மேனேஜர் நின்றிருந்தார். "பிள்ளைத்தாச்சிப் பொண்ணை வேலைக்குப் போகவிடாம பழி வாங்கறியா? நீயெல்லாம் மனுஷனா?"

அவரை ஒதுக்கிவிட்டு, லிஃப்ட்காரர் அவளை வாசலுக்கு நடத்திப்போய் டாக்ஸியை நிறுத்தினார்.

"சத்தம் மங்கியிருக்கும்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் மார்பில் கை வைத்தாள். "காலையிலேர்ந்து மூச்சு வாங்குது. வயிறு பெரிசானதாலன்னு நினைச்சேன். எனக்கு வித்தியாசமே தெரியலையே..."

"உனக்குப் பழகின சத்தம். ஏறு, ஏறு!"

வால்வில் ரத்தம் திரள ஆரம்பித்திருந்ததாம். சாயங்காலம் வரை விட்டிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். மருந்தேற்றிக் கரைத்தார்கள். மூன்று வாரம் கழித்து, ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள்.

லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். "குழந்தையைப் பார்க்க ஒண்ணும் போகலை. எனக்கு வரவேண்டியது ஒண்ணு பாக்கியிருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டே போனார்.

வார்டே அதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை அப்படி வீறிட்டது. அப்பா தோளில் போட்டுத் தட்டினார். பாட்டி மடியில் போட்டு ஆட்டினாள். "பால் குடிச்சாச்சு, துணி மாத்தியாச்சு. இன்னும் என்னடி வேணும் ராஜாத்தி?" என்று நர்ஸ் கெஞ்சினாள்.

"என்கிட்ட குடுங்க" என்று அவள் வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டாள்.

அழுகை நின்றது. கண்ணை அகல விழித்து, அசையாமல் கிடந்தது குழந்தை.

"என்னம்மா மந்திரம் போட்ட?" என்றாள் நர்ஸ்.

லிஃப்ட்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டு மாதம் இருட்டுக்குள் அதற்குத் துணையாக இருந்த சத்தமல்லவா!

அப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஐயா, அன்னிக்கு உங்களைக் கேட்காம நான் செஞ்சதுக்கு, என்னை நீங்க..."

"உஷ்!" என்றார் லிஃப்ட்காரர். "பேசாதம்மா. குழந்தை கேட்டுக்கிட்டிருக்கு."