மூடி திறந்திருந்தால் ஓடாதே

குருநாதனின் வலது மணிக்கட்டு மேஜையில் அழுந்திக் கிடந்தது. அதன்மேல் அரிவாள். அறுவடைக்குத் தீட்டியது, தொட்டதுமே தோல் கிழிந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது.

"இந்தக் கைதானே புரோகிராம் எழுதுச்சு? சொல்லுலே!" தங்கசாமி விட்ட அறையில் அவனுக்குக் காது அடைத்தது. ஆர்.எஸ்.மங்கலத்தில் மண்வெட்டி பிடித்த கை, சும்மாவா?

தேவிபட்டினத்து ஐஸ் கம்பெனியில் நேற்று கரண்ட் போனது. நொறுக்கும் மெஷினில் ஐஸ்கட்டி சிக்கியிருந்தது. வழக்கம்போல சூப்பர்வைசர் கூத்தையா மூடியைத் திறந்து கையை விட்டான். கரண்ட் வந்தது, மெஷின் ஓடியது. வலது கை மணிக்கட்டோடு போனது. தங்கசாமிக்கு அவன் ஒரே மகன்.

"மெஷின் வந்த நாள்லேருந்து கம்ப்யூட்டர் படிச்ச எம்மகன் இங்கன இருக்கான். நீ வந்து ஒரு மாசத்துல கையக் காவு வாங்கிட்டியேலே!"

"அய்யா, மூடி திறந்திருந்தா ஓடாதேன்னுதான் எழுதியிருக்கேன்."

"பெறகு எப்படி ஓடுச்சு?"

சி ப்ளஸ் ப்ளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியை இவருக்கு எப்படிச் சொல்வது? உயிர்ப்பயத்தில் குருநாதனுக்கு நல்ல தமிழ் வந்தது.

"பழைய புரோகிராம் அப்பன்யா. அதுமேல நான் எழுதினது மகன். கரண்ட் வந்ததும் அப்பன்தான் முதல்ல பொறப்பான். அவன் பொறக்கிறப்பவே 'ஓடலாமா'ன்னு கேக்குற மாதிரி எழுதி வச்சிருக்காங்க. ஓடாதேன்னு சொல்ல வேண்டிய மகன் அப்ப இன்னும் பொறக்கல. அதனால 'ஓடு'ன்னு அப்பனே பதில் சொல்லிட்டான். நான் அதைக் கவனிக்கலை."

தங்கசாமி படிக்காதவர்தான், ஆனால் விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"பொறக்காத மகன் என்னத்தச் சொல்லுவான்? அப்ப, பொறக்கையிலேயே கேள்வி கேக்க வச்சானே, அவன்தான் குத்தவாளி. எவன் அவன்?"

"வேணாம்யா. விட்டுருங்க."

அரிவாள் இறங்கியது. மணிக்கட்டுக்கு அரை விரல் தள்ளி மேஜை பிளந்தது. குருநாதனின் தலைமயிரைப் பிடித்து இழுத்து, முகத்தை மேஜையில் மோதினார். மூக்கு உடைந்தது.

"அதை எழுதுன கைய வெட்டாம ஊர் திரும்ப மாட்டேன். சொல்லுலே!"

உடைந்த மூக்கைவிட, இந்த மனுஷனை நினைத்துத்தான் குருநாதனுக்கு அழுகை வந்தது.

"அந்தக் கை நேத்தே போயிருச்சுய்யா."