மறுப்புப் படிவம்

“இந்தப் பட்டையை நீங்களே கட்டிப் பாருங்க” என்றேன். பண்ணை முதலாளியிடம் அதை மட்டும் கேட்காதே என்று அலுவலகத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கோழிக்கு வலிப்பது இந்தப் பட்டையைக் கையில் கட்டியவருக்கும் வலிக்கும். கட்டிப் பார்த்து, கோழிகளுக்கு வலி இல்லை என்று சான்று தருவது ஆய்வாளரான என் வேலை.

முதலாளி நல்லசிவம் சிரித்தார். “உங்கொப்பன் இங்கதான குஞ்சுக்கு அலகு வெட்டினான், அம்மிணி. அவனுக்கு வலிக்கலையே.”

“அவருக்கு யாரும் பட்டை தரலீங்க. கட்டுங்க.”

கட்டினார். எதிரில் இருந்தது அன்று காலையில் அலகு வெட்டிய குஞ்சுகளின் கூண்டு. பத்து எண்ணுவதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு பட்டையைக் கழற்றி எறிந்தார்.

“கோழி தாங்கும் அம்மிணி. நீ கையெழுத்தப் போடு.”

போட்டேன், சான்று மறுப்புப் படிவத்தில். கைநாட்டு வைத்தே பழகிய எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் நான் வாசலைத் தாண்டியிருந்தேன்.